பதவி உயர்வு வேண்டாம் என்கிறார் என் மனைவி. அதை அவருடைய சொந்த முடிவு என்று ஏற்றுக்கொள்வதா?

கேள்வி: சிவகாசி அச்சகத்தார்

அனைவருக்கும் வணக்கம். வீட்டு விஷயத்தைப் பலர் முன்னிலையில் வைக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வங்கிப் பணியில் இருப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும் இங்கே பலர் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். என் மனைவி பொதுத்துறை வங்கி ஒன்றில் 2011ஆம் ஆண்டு எழுத்தராகச் சேர்ந்து, இப்போது பக்கத்து ஊர்க் கிளையில் பணியாற்றுகிறார். இந்த ஆண்டு அதிகாரி நிலைக்கான பதவி உயர்வுத் தேர்வை எழுதித் தேர்ச்சியும் பெற்றுவிட்டார். அவருடைய வங்கியில் எழுத்தராக இருந்து அதிகாரியாக உயர்பவர்களைப் பெரும்பாலும் வெளிமாநிலத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்கலாம். ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பதை இந்த மாத இறுதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுத்தால் அடுத்த சில ஆண்டுகளுக்குத் தேர்வு எழுத முடியாது.

மறுக்கப்போவதாகச் சொல்கிறார். வீட்டில் எழுபது வயதைக் கடந்த என் தாய் இருக்கிறார். சர்க்கரை நோய்க்காகக் காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. எனக்கு ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாவதில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை இரவு பகல் பாராத வேலை. ஆனால் நான் அவரைப் போக வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் தாயும் வாய்திறந்து மறுப்பு எதுவும் சொல்லவில்லை. "யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இது என் முடிவு, விட்டுவிடுங்கள்" என்பதே அவருடைய பதில்.

என் மனம் ஒப்பவில்லை. வேண்டாம் என்று நினைப்பவர், எல்லோரும் உறங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் படித்திருப்பாரா? தேர்ச்சிப் பட்டியல் வந்த அன்று முதலில் தன் தந்தைக்குத்தான் தொலைபேசியில் சொன்னார். அப்போது அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் கேட்டேன். யாரும் தடுக்காத நிலையில் அவர் எடுத்த முடிவு இது என்று மதித்து ஒதுங்கிக்கொள்வது சரியா? அல்லது மீண்டும் பேசிப் பார்க்க வேண்டுமா? அப்படிப் பேசினால் அதுவும் ஒரு வகைக் கட்டாயமாகிவிடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற முதுநிலை மேலாளர், நெல்லை

தம்பிக்கு வணக்கம். எழுத்தராகச் சேர்ந்து, அதிகாரியாகி, முதுநிலை மேலாளராக ஓய்வுபெற்றவள் நான். பதவி உயர்வு வந்தபோது என்னை ஒடிசாவில் சம்பல்பூருக்கு அனுப்பினார்கள். மொழி தெரியாது, கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் மகன் அப்போது சிறுவன்தான். போனேன். போக முடிந்ததற்குக் காரணம் என் துணிச்சல் மட்டும் என்று சொன்னால் அது பொய்யாகும். என் தாய் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து என் வீட்டில் இருந்தார். அதாவது ஒரு பெண் வெளியே போவதற்கு இன்னொரு பெண் உள்ளே வர வேண்டியிருந்தது. உங்கள் மனைவிக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் போடுகிறார் என்று எழுதவில்லை. உங்கள் மனைவிதான் போடுகிறார் என்று நினைக்கிறேன். ஊசி போடுவதைச் செவிலியர் ஒருவரிடம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மருந்து எப்போது தீரும், வாங்கி வந்ததைக் குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் வைக்க வேண்டும், நேற்று எந்த இடத்தில் குத்தினோம், ஊசி போட்ட பிறகு எவ்வளவு நேரத்துக்குள் சாப்பாடு கொடுக்க வேண்டும், நடு இரவில் அம்மாவுக்கு வியர்த்துக் கை நடுங்கினால் உடனே எதைக் கொடுப்பது என்பதையெல்லாம் ஒருவர் எந்நேரமும் மனதில் வைத்திருக்கிறார். காஸ் சிலிண்டர் பதிவு, நாளைய மாவுக்கு ஊறவைக்கும் அரிசி, மகனின் பள்ளி வேனுக்குக் கட்ட வேண்டிய பணம் எல்லாம் அதே மனதில்தான் இருக்கின்றன. இந்தப் பட்டியல் எந்தச் சம்பளச் சீட்டிலும் ஏறாது. ஆனால் வேறு ஊருக்குப் போவதா வேண்டாமா என்று ஒரு பெண் யோசிக்கும்போது முதலில் அவள் கண்முன் வந்து நிற்பது இதுதான்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய குறை அல்ல. 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதன்படி அப்போது ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 விழுக்காட்டினர் நாள்தோறும் ஊதியமில்லா வீட்டுவேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே செய்தார்கள். செய்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டாலும், ஒரு நாளில் பெண்கள் செலவிட்ட நேரம் 299 நிமிடங்கள், ஆண்கள் செலவிட்ட நேரம் 97 நிமிடங்கள். வங்கியில் முழுநேரம் வேலை பார்த்துவிட்டு வரும் பெண்ணுக்கு இந்த நிமிடங்கள் குறைந்துவிடுவதில்லை. அவை விடியற்காலைக்கும் பின்னிரவுக்கும் தள்ளிப்போகின்றன. அவர் இரவில் சமையலறையில் படித்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

ஆகவே, பேசுவதா வேண்டாமா என்று தயங்க வேண்டாம். ஆனால் பேசுவதற்கு முன் வேலையை மாற்றுங்கள். இன்றிரவே ஊசியை நீங்கள் போடத் தொடங்குங்கள். மாத இறுதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வீடு அவர் இல்லாமலும் நடக்கும் என்று நீங்கள் வாயால் சொன்னால் அவருக்கு நம்பிக்கை வராது. கண்ணால் பார்த்தால் வரலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011இல் சேர்ந்தவர் என்றால் அவருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் அவர் 10 விழுக்காடும் வங்கி 14 விழுக்காடும் செலுத்துகின்றன. பதவி உயர்வை விட்டுவிட்டால், அதிகாரியானால் கிடைக்கக்கூடியதைவிட மாதச் சம்பளத்தோடு அவருடைய முதுமைக்கான சேமிப்பும் ஒவ்வொரு மாதமும் குறைவாகவே சேரும். இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள்.

பதில்: கும்பகோணம் காசாளர்

நண்பருக்கும் மேலே எழுதிய அம்மாவுக்கும் வணக்கம். நான் பதவி உயர்வை மறுத்தவள். வாய்ப்பு மீண்டும் வந்தபோதும் மறுத்தேன். அதனால் என் தரப்பையும் நீங்கள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதிகாரிகளின் நாள் எப்படிப் போகிறது என்பதை நான் கவுண்டரில் உட்கார்ந்தபடியே பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாலையில் ரொக்கக் கணக்கு முடிந்ததும் நாங்கள் கிளம்பிவிடுவோம். அவர்களுக்கு அதன் பிறகுதான் காணொலிக் கூட்டம், வாராக்கடன் அறிக்கை, காப்பீட்டுத் திட்டங்களை இத்தனை பேர் தலையில் கட்ட வேண்டும் என்ற இலக்கு ஆகியவை தொடங்கும். ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசி ஓயாது. எங்கள் கிளையில் இருந்த இளம் அதிகாரி ஒருவர் இரவுச் சாப்பாட்டையே மறந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டார். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாலையில் என் பிள்ளைகளோடு இருக்கிறேன், தொழிற்சங்க வேலையைப் பார்க்கிறேன், வீணை கற்றுக்கொள்கிறேன். இதை நான் விரும்பித்தான் தேர்ந்தெடுத்தேன்.

பெண் ஒருத்தி பதவி வேண்டாம் என்று சொன்னவுடன், அவள் தன் மனதை அறியாதவள், யாரோ அவளை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதும் அவளை மதிப்பதாகாது. எங்கள் வங்கியில் ஆண் எழுத்தர்களும் ஊரைவிட்டுப் போக மனமில்லாமல் மறுக்கிறார்கள். அவர்களிடம் போய் இது உன் உண்மையான விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. 'முன்னேற வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவன்' என்ற பெயர் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கிறது, அதுவும் அநியாயம்தான்.

உங்கள் மனைவி மறுப்பது வீட்டுக்காகவா, அந்தப் பணியின் தன்மைக்காகவா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

பதில்: பொருளியல் ஆசிரியை, மதுரை

கும்பகோணம் சகோதரி கடைசியில் கேட்டிருக்கும் கேள்வி மிகச் சரியானது. ஆனால் அந்தப் பணியின் தன்மையும் வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பெண்களின் உழைப்புச் சந்தை வரலாற்றை ஆராய்ந்ததற்காக 2023ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார். எந்நேரமும் அழைத்தால் வரக்கூடியவருக்கே அதிகச் சம்பளமும் உயர்பதவியும் தரும் வேலைகளில், வீட்டுத் தேவைகளுக்கும் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டியிருந்தால் தம்பதியரில் இருவருமே அந்த வேலையை ஏற்க முடியாது, ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். யார் விட்டுக்கொடுப்பது என்பதை ஏற்கெனவே நிலவும் எதிர்பார்ப்பு தீர்மானித்துவிடுகிறது. இரவு எட்டு மணிக் காணொலிக் கூட்டம் என்பது, வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருக்கும் ஒருவர் உள்ள ஊழியரை மனதில் வைத்து அமைந்த கூட்டம். பாலின சமத்துவத்துக்குப் பெயர்பெற்ற டென்மார்க்கிலேயே முதல் குழந்தை பிறந்த பிறகு பெண்களின் வருமானம் நீண்டகாலத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு பின்தங்கிவிடுவதையும், ஆண்களின் வருமானத்தில் அப்படி ஒரு சரிவு இல்லாததையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இனி, அவர் வேண்டாம் என்று சொல்கிறாரே, அதை அப்படியே ஏற்கலாமா என்ற அச்சகத்தாரின் கேள்வி. பொருளியலாளர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டிய ஒரு பழைய கணக்கெடுப்பு இங்கே பொருந்தும். வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் மக்களிடம் அவர்களுடைய உடல்நிலை குறித்துக் கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்கள் உடல்நிலை மோசம் அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 விழுக்காடு. அந்தக் காலத்து வங்காளத்தில் விதவைகளின் உணவும் வாழ்வும் எப்படி இருந்தன என்பதை நாம் அறிவோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. தனக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவே கூடாது எனப் பழக்கப்பட்ட மனம், கிடைத்ததைக் கொண்டு தன்னை நலமாகவே எண்ணிக்கொள்கிறது. எனவே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கு இது போதும் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருடைய நலனை அளந்துவிட முடியாது. அதேசமயம், அவருக்கு எது நல்லது என்பது எனக்குத்தான் தெரியும் என்று பிறர் முடிவெடுப்பதற்கும் இது உரிமை தராது. சூழ்நிலையை மாற்றிவிட்டு மறுபடியும் அவரையே கேட்பதுதான் நேர்மையான வழி. நெல்லை அம்மா சொன்னதும் அதுதான்.

அரசின் விதிகளும் இதில் பங்கு வகிக்கின்றன. 2014 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. மணமான பெண் ஊழியர் விண்ணப்பித்தால் இயன்றவரை கணவர் இருக்கும் ஊரிலோ அதற்கு அருகிலோ, மணமாகாதவர் விண்ணப்பித்தால் பெற்றோர் இருக்கும் ஊரிலோ அதற்கு அருகிலோ பணியிடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். பல பெண்களுக்கு அது உண்மையிலேயே பயன்பட்டிருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குடும்பம் இருக்கும் இடத்தை ஆண் தீர்மானிக்கிறான், பெண் அங்கே போய்ச் சேர்கிறாள் என்ற எண்ணத்தின் மேல்தான் அந்தச் சலுகை நிற்கிறது. மத்திய அரசுப் பணியில் 730 நாட்கள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பெண்களுக்கு மட்டும் இருந்த அதை 2018 டிசம்பரில் தனித்து வாழும் தந்தையருக்கும் விரிவுபடுத்தினார்கள். மனைவியோடு வாழும் தந்தைக்கு இன்றும் அது கிடையாது. தாய் இருக்கும் வீட்டில் தந்தை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தேவை எழாது என்று சட்டமே கருதும்போது, உங்கள் தாயோ அண்டை வீட்டாரோ அப்படிக் கருதுவதில் வியப்பில்லை.

பதில்: கோவில்பட்டி வாசகர்

படித்தவர்கள் இவ்வளவு எழுதிய பிறகு நான் சொல்வது பழைய கருத்தாகத் தோன்றலாம். இருந்தாலும், மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் தாய் வீட்டில் இல்லாமல் இருப்பது சரியாக இருக்காது என்பது என் கருத்து. பெண் பிள்ளை வளரும் பருவம். தகப்பனிடம் சொல்ல முடியாதவை பல இருக்கும். ஓரிரு ஆண்டுகள் பொறுத்து மறுபடியும் முயலலாமே.

பதில்: திருச்சி தந்தை

கோவில்பட்டி அண்ணாச்சியின் கவலை நியாயமானது. அதே கவலையை நேரில் சந்தித்தவன் என்பதால் நான் எழுதுகிறேன். என் மனைவி நாக்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறார். நான் இங்கே இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மகளும் மகனும் என்னோடு இருக்கிறார்கள்.

பெண் பிள்ளை தகப்பனிடம் சொல்ல முடியாதவை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளுக்கு முதல் மாதவிலக்கு வந்தபோது அவள் தாய் ஊரில் இல்லை. மனைவி முன்கூட்டியே எனக்கு எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தார். நாப்கின் வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். மகளிடமும் இருவரும் சேர்ந்து முன்பே பேசியிருந்தோம். அவள் என்னிடம்தான் வந்து சொன்னாள். வயிற்றுவலி இருக்கும் நாட்களில் வெந்நீர்ப் பை நிரப்பிக் கொடுப்பது இன்று எங்கள் வீட்டில் மிக இயல்பான காரியம். தந்தையிடம் சொல்ல முடியாது என்பது பிள்ளையோடு பிறந்த கூச்சமல்ல. தந்தை இவற்றைக் கேட்டறிய வேண்டியதில்லை என்று நாம் வளர்த்துவைத்த பழக்கம் அது.

சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், "அம்மா வரலையா?" என்றுதான் வகுப்பாசிரியை முதலில் கேட்பார். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் தாய்மார்கள். வீட்டுப்பாடம் குறித்து நான் ஒரு சந்தேகம் கேட்டால் சிறிது நேரம் யாரும் பதில் எழுதத் தயங்குவார்கள். உறவில் ஒருவர் கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே, "பொண்டாட்டி சம்பாதிக்கிறா, இவன் சோறு பொங்குறான்" என்றார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கடை சரியாக ஓடாத மாதங்களில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப மனதில் வந்து குத்தியிருக்கிறது.

ஆண் என்றால் சம்பாதிப்பவன் என்ற ஒற்றை அளவுகோலை வைத்து வளர்க்கப்பட்ட நமக்கு, அது சற்றுச் சறுக்கினாலும் நாமே இல்லாமல் போனதுபோல் ஆகிவிடுகிறது. அதை வாய்விட்டுச் சொல்லவும் நமக்குக் கற்றுத் தரப்படவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். அவர்களில் 1,18,979 பேர் ஆண்கள். அதே கணக்கில் இல்லத்தரசிகள் மட்டும் 23,179 பேர் என்பதையும் மறக்க முடியாது. ஒவ்வொரு சாவுக்கும் காரணங்கள் பல இருக்கும். ஆனாலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று நாம் வரையறுத்து வைத்திருக்கும் வாழ்க்கை இரு தரப்பையும் நெருக்குகிறது என்றே நான் நினைக்கிறேன். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையை அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அச்சகத்தாருக்கு ஒரு யோசனை. பொதுத்தேர்வுகள் முடிவதும் உங்கள் காலண்டர் சீசன் தொடங்குவதும் வேறு வேறு மாதங்களில் வருகின்றன. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைதான் உங்களுக்கு உண்மையான நெருக்கடி. அந்த மாதங்களுக்கு மட்டும் சமையலுக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கும் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அச்சகத்தில் கூடுதல் பைண்டிங் வேலைக்கு ஆள் எடுப்பதற்கு நீங்கள் தயங்க மாட்டீர்கள். வீட்டுக்கு ஆள் வைப்பதையும் அதே கணக்கில் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்: சிவகாசி அச்சகத்தார்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்சுலின் போடுபவர் என் மனைவிதான். நெல்லை அம்மா சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது நான் போடுகிறேன். முதலில் என் தாய் கையை இழுத்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டது.

இந்த உரையாடல் முழுவதையும் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். கும்பகோணம் சகோதரி கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்டேன். அதிகாரிப் பணியின் நெருக்கடிக்கு அவர் அஞ்சவில்லை. அதைச் சமாளிக்க முடியும் என்கிறார். வீட்டுவேலைகளை நான் செய்துகொள்வேன் என்பதையும் ஓரளவு நம்புகிறார். ஆனால் அவர் சொன்ன வேறொன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. ஏறக்குறைய அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன்:

"நான் ஊரில் இல்லாத சமயத்தில் இவளுக்கு மதிப்பெண் குறைந்தால், அம்மா பதவிக்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள் என்பார்கள். அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், மருமகள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்பார்கள். நீங்கள் வடநாட்டு ஆர்டருக்காக மாதக்கணக்கில் வெளியே சுற்றினால் ஒருவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குடும்பத்துக்காக உழைக்கிறார் என்பார்கள். வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். பழியை எடுத்துக்கொள்ள உங்களால் முடியுமா? ஊர் அதை உங்களிடம் கொடுக்காது. உங்கள் தங்கைகளும் கொடுக்க மாட்டார்கள். என் அம்மாவே கொடுக்க மாட்டாள்."

இவ்வளவு நாளும் யாரும் தடுக்கவில்லையே என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இனி என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பொருளியல் ஆசிரியை, மதுரை

உங்கள் மனைவி, நான் அத்தனை பத்திகளில் எழுதியதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கதவு திறந்தேதான் இருக்கிறது. ஆனால் அதே வாசலைத் தாண்டினால் ஒருவருக்குப் பாராட்டும் மற்றவருக்குத் தண்டனையும் காத்திருக்கின்றன. தண்டனையை முன்கூட்டியே அறிந்தவர் தானாகவே விலகிக்கொள்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது விருப்பமாகத் தெரிகிறது. இதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. நடைமுறையை நெல்லை அம்மாதான் சொல்ல வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற முதுநிலை மேலாளர், நெல்லை

தம்பி, உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். சம்பல்பூரில் இருந்தபோது என் மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் உறவு முழுவதும் என்னைப் பற்றிப் பேசி முடித்துவிட்டிருந்தது. அந்தப் பேச்சை நிறுத்தியவர் என் கணவர் அல்ல. அவர் நல்லவர்தான், ஆனால் அமைதியாக இருந்துவிட்டார். என் மாமியார்தான் வாசலில் நின்று, "இவளை நான்தான் போகச் சொன்னேன், கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்" என்றார். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல்லுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பழியை உங்களால் முழுவதும் வாங்கிக்கொள்ள முடியாது என்பது உண்மை. ஆனால் ஊர் பேசத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் பேசிவிடலாம். உங்கள் தங்கைகளை வரச்சொல்லி, தாயின் முன்னிலையில், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள்: அம்மாவின் மருந்தும் பிள்ளைகளின் படிப்பும் இனி என் பொறுப்பு, ஏதாவது குறை நேர்ந்தால் என்னைக் கேளுங்கள் என்று. பள்ளியில் முதல் தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணை மாற்றிக் கொடுங்கள். மருத்துவரிடமும் அப்படியே. மாமியார் வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்; தாமதிக்காதீர்கள், உங்கள் மனைவி கடைசியாகக் குறிப்பிட்டது தன் தாயை என்பதைக் கவனித்தேன். உங்கள் தாயிடம் தனியாகவும் பேசுங்கள். வாய்திறந்து மறுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மறுக்காமல் இருப்பது போதாது. அவர் வாய்திறந்து, போய் வா என்று சொல்ல வேண்டும். மருமகளுக்கு அந்த ஒரு சொல் உங்கள் நூறு வாக்குறுதிகளுக்குச் சமம்.

இவை அனைத்தையும் செய்த பிறகும் அவர் வேண்டாம் என்றால், அப்போது நம்புங்கள், மேலே கேட்காதீர்கள். கும்பகோணம் சகோதரியைப் போல மனநிறைவோடு வாழ்பவர்களை நானும் அறிவேன்.

ஏற்பதாக இருந்தால் சில காரியங்கள் உடனே ஆக வேண்டும். ஏற்புக் கடிதத்தோடு இணைத்து, மகளின் பொதுத்தேர்வையும் மாமியாரின் உடல்நிலையையும் குறிப்பிட்டு, பணியேற்கக் கால அவகாசமும், தென்மாநிலங்களுக்குள் பணியிடமும் கேட்டுத் தனி விண்ணப்பம் எழுதட்டும். மதுரை ஆசிரியை குறிப்பிட்ட 2014ஆம் ஆண்டு அறிவுரையை அதில் மேற்கோள் காட்டலாம். அதில் உள்ள குறை அவர் சொன்னதுதான், ஆனாலும் இருக்கும் விதியைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. அதிகாரிகள் சங்கத்தின் வட்டாரச் செயலாளரிடம் பேசினால், சென்ற ஆண்டு யாரை எங்கே அனுப்பினார்கள், எத்தனை ஆண்டில் திரும்ப அழைத்தார்கள் என்பதைச் சொல்வார். இரண்டு கடிதங்களின் நகலிலும் கிளை முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் மாறுதல் கேட்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.